ஏழுக்கு நடுவே ஒரு கோடு

பயிற்சி விடுதி
பிப்ரவரி 3

கர்த்தருக்குள் பிரியமான அண்ணாவுக்கு,

சின்னு எழுதுவது. நான் இங்கே சுகம், சாப்பாடு சுமார், தூக்கம் போதவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் கண்ணுக்கு நீதான் சொட்டு மருந்து விடுகிறாயா, இல்லை அவளே விட்டுக்கொள்கிறேன் என்று கன்னத்தில் விட்டுக்கொள்கிறாளா?

வந்த அன்றைக்கே கோச் எங்கள் போனையெல்லாம் வாங்கிப் பூட்டிவிட்டார். மே மாதத் தேர்வு ஓட்டம் முடியும்வரை கிடையாதாம். "பேசணும்னா லெட்டர் போடுங்க. தலை போற அவசரம்னா ஆபீஸ் போனுக்குக் கூப்பிடச் சொல்லுங்க" என்றார். அறையில் இரண்டு இரும்புக் கட்டில், ஒரு மேஜை, ஜன்னலுக்கு வெளியே ஓடுதளம். அறைத்தோழி தடை தாண்டி ஓடுகிறவள். தூக்கத்திலும் தாண்டுகிறாள், போர்வை என் கட்டிலில் வந்து விழுகிறது.

நீ கடிதத்தின் அடியில் எழுதும் வசன எண்ணை வெள்ளை டேப்பில் எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்கிறேன். காலையில் எழுந்ததும் வேதத்தைத் திறந்து அதை வாசிக்கிறேன், அப்புறம்தான் ஷூ கயிறு கட்டுகிறேன். மேட்டில் ஓடுவதா, கோச்சிடம் வாயைத் திறப்பதா மூடுவதா, எல்லாம் அதைப் பார்த்துத்தான். "பாத்ரூம் போறதுக்கும் வசனம் பாப்பியாடி?" என்று தோழி கேட்கிறாள். அவளுக்கு என்ன தெரியும். எனக்கு வேறு வழி தெரியாது அண்ணா, சின்ன வயதிலிருந்து இப்படித்தான்.

ஆனால் உன் கையெழுத்தை என்ன சொல்ல. போன தடவை சங்கீதம் 149:10 என்று தேடினால், அந்தச் சங்கீதத்தில் ஒன்பது வசனம்தான் இருக்கிறது. அரைமணி நேரம் முழித்தபிறகுதான் அது உன் ஏழு என்று புரிந்தது. 147:10-ஐ எடுத்து வாசித்தால், கர்த்தருக்கு மனுஷனுடைய கால்பலத்தில் ஒன்றும் பிரியமில்லையாம். காலை நம்பிப் பிழைக்கிறவளுக்கு அனுப்புகிற வசனமா இது? உருப்படியாக ஒன்று அனுப்பு.

அம்மாவுக்கு முத்தம். உனக்கு ஒன்றும் கிடையாது.

சின்னு


பிப்ரவரி 14

பாசமுள்ள தங்கச்சிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இரண்டு பேரும் சுகம். மருந்து நான்தான் விடுகிறேன். விடும்போது அம்மா கண்ணை மூடிக்கொள்கிறாள், திறந்தபிறகு ஏன் விடவில்லை என்கிறாள்.

147-ஐ நான் தேடி எடுக்கவில்லை. அன்றைக்கு வீட்டு ஜெபத்தில் வந்த பகுதி அது, அப்படியே எழுதிவிட்டேன். என் ஏழாம் எண்ணைப் பற்றி நீ ஒருத்தி சொன்னால் பரவாயில்லை. போன வாரம் எடை மேடையில் ஒரு லாரிக்கு 17 டன் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். போய் இறக்குகிற இடத்தில் அதை 19 என்று வாசித்திருக்கிறார்கள். இரண்டு டன்னை வழியில் தின்றுவிட்டாயா என்று டிரைவரைப் பிடித்துவைத்துக்கொண்டார்களாம். அவர் திரும்பி வந்து என் ஜன்னலில் முகத்தை வைத்துக் கத்தினார், தூசியும் எச்சிலும் என் மேல்தான். சூப்பர்வைசர், "ஏழுக்கு நடுவுல ஒரு கோடு போடுய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். வேலையில் போடுகிறேன். வீட்டுக்கு வந்தால் கை பழையபடி போய்விடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அம்மா எழுந்து நின்று சாட்சி சொன்னாள். "என் மக நாட்டுக்காக ஓடப்போறா, கர்த்தர் எனக்குச் சொல்லிட்டார்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நன்றாகச் சாப்பிடு. கர்த்தர் உன்னோடிருப்பார்.

அன்புடன்
அண்ணன்

சங்கீதம் 18:33 (மான்கால்கள். இப்போது திருப்தியா?)


பயிற்சி விடுதி
மார்ச் 18

பிரியமான அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். எல்லாம் சுகம், ஒன்றைத் தவிர. அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

இடது காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஓர் இடம். விரல் நுனி அகலம்தான் இருக்கும். ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கிறது, நான்கு சுற்றுக்கு அப்புறம் மரத்துப் போகிறது, முடித்தபிறகு படி இறங்க முடியவில்லை. ஐஸ் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு மான்கால் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "மான் நொண்டுதே" என்கிறாள் தோழி.

பிசியோ அக்காவிடம் இன்னும் காட்டவில்லை. காட்டினால் ஓடக்கூடாது என்று எழுதிவைத்துவிடுவாள். எனக்கு இருபத்தாறு ஆகிறது அண்ணா. அடுத்த தேர்வு ஓட்டம் நான்கு வருஷம் கழித்து. அப்போது பத்தாயிரம் மீட்டரில் என்னை யார் சீண்டுவார்கள்?

நீ எப்படி இருக்கிறாய்? உன் முதுகுவலி தேவலையா? சீக்கிரம் எழுது.

சின்னு


ஏப்ரல் 6

பாசமுள்ள தங்கச்சிக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். வேலையில் கணக்கெடுப்பு, அதனால் தாமதம். முதுகு அப்படியே இருக்கிறது. எடை அறை ஜன்னல் கண்ணாடி உடைந்து அட்டை வைத்திருக்கிறோம், லாரி வந்தால் அட்டையைத் தூக்கிப் பார்க்கிறேன்.

காலைப் பார்த்துக்கொள். அந்த அக்காவிடம் காட்டிவிடேன். உனக்குத் தெரியாதது இல்லை.

அம்மா உனக்காக வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருக்கிறாள்.

அன்புடன்
அண்ணன்

நீதிமொழிகள் 3:5 (சுயபுத்தியின்மேல் சாயாதே.)


பயிற்சி விடுதி
ஏப்ரல் 25

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

காட்டிவிட்டேன். ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் மயிரிழை விரிசல். "எட்டு வாரம் காலைத் தரையில ஊனாம இருந்தா சேர்ந்துக்கும். ஓடினா எப்ப வேணும்னாலும் ரெண்டா போகலாம்" என்றாள் பிசியோ அக்கா. தேர்வு ஓட்டம் மே 26. இன்னும் நான்கே வாரம். கோச் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உன் கால், உன் முடிவு. பத்து நாள் முன்னாடி சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எட்டு நாளாக வேதத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன். ஒரு நாள் ஓடு என்பதுபோல இருக்கிறது. மறுநாள் அதே வசனம் நில் என்கிறது. என் ஆசைதான் வாசிக்கிறது போல, என் கண்ணை நானே நம்பவில்லை.

அதனால் நீ ஜெபம் பண்ணி ஒரே ஒரு வசனம் அனுப்பு. ஓடு என்றால் ஓடுகிறேன், நில் என்றால் பெட்டியைக் கட்டுகிறேன். ஆனால் அண்ணா, நீ உன் வாயால் ஒன்றும் சொல்லாதே. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு போட்டியின் தேர்வுக்குக் காய்ச்சலோடு நான் கிளம்பியபோது வாசலில் கையை நீட்டி நின்று "போகாத" என்றாய். நின்றேன். என்னைவிட மெதுவாக ஓடுகிறவள் அந்தப் போட்டிக்குப் போனாள். நான்கு மாதம் உன்னோடு பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? இந்தத் தடவை கர்த்தர் சொல்லட்டும். எண் மட்டும் போதும்.

சின்னு


மே 8

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சிக்கு,

இங்கே இருவரும் சுகம். அங்கே நீயும் தோழியும் கோச்சும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

ஜன்னல் கண்ணாடி மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்குக் கண் பரிசோதனை நடந்தது, மூன்றாவது வரிவரைக்கும் வாசித்தாள். மனப்பாடம் பண்ணிவிட்டாளோ என்று எனக்குச் சந்தேகம். மழை வருவதுபோல வந்து ஏமாற்றிவிட்டது. எடை மேடைக்கு அடியில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. லாரி ஏறினால் மூன்று குட்டியும் வெளியே வந்து நிற்கின்றன, இறங்கினால் உள்ளே போகின்றன. அவைகளின் எடையையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்.

நீ கேட்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். வேறு ஒன்றும் எழுதவில்லை.

அன்புடன்
அண்ணன்

1 கொரிந்தியர் 7:24


பயிற்சி விடுதி
மே 17

என் தங்க அண்ணாவுக்கு,

சுகமோ சுகம். நீ நன்றாக இருப்பாய்.

கடிதம் நேற்றுதான் வந்தது, கோச் சொன்ன கெடுவின் கடைசி நாள். பூனைக் கதையெல்லாம் தாண்டி நேராக அடியில் போய்ப் பார்த்தேன். கொரிந்தியர் ஒன்பது, இருபத்துநான்கு. பந்தயத்தில் ஓடுகிறவர்களைப் பற்றியே இருக்கிறது, பரிசு வாங்குகிற மாதிரி ஓடுங்கள் என்று. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்? நான்கு நாள் அழுதவள் நேற்று இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

கோச்சிடம் ஓடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிசியோ அக்கா என்னோடு பேசுவதில்லை. டேப்பில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். 26-ஆம் தேதி சாயங்காலம் நாலரை மணி. அந்த நேரத்துக்கு லாரி எது வந்தாலும் நிற்கவைத்துவிட்டு எனக்காக ஜெபம் பண்ணு. அம்மாவிடம் சொல்லு, உபவாசம் போதும், சாப்பிடச் சொல்லு.

உன் சின்னு


மருத்துவமனை, வார்டு 27
ஜூன் 16

அண்ணாவுக்கு,

அம்மா நேற்றுக் கிளம்பிவிட்டாள், பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னாள். பன்னிரண்டு நாள் என் பக்கத்தில் இருந்தாள். என் காலின்மேல் போர்வையை இழுத்து இழுத்து மூடினாள்.

அவள் உன்னிடம் என்ன சொன்னாளோ, நான் சொல்கிறேன். இருபத்தைந்து சுற்றில் பதினெட்டு ஓடினேன். மூன்றாவதாக இருந்தேன், முதல் இருவரைத்தான் எடுப்பார்கள், இரண்டாவதுக்காரியின் முதுகு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. வளைவில் திரும்பும்போது சத்தம் கேட்டது. வலிக்கு முன்னால் சத்தம். பக்கத்தில் ஓடினவளுக்கும் கேட்டிருக்கிறது, அவள் திரும்பிப் பார்த்தாள். எலும்பு வெளியே வந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். "நடக்கலாம்மா, நடக்கிறதுக்கு என்ன" என்றார் டாக்டர். ஓடுவதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வர மனசில்லை. அந்தச் சபையில் அம்மா என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்காரவைப்பாள்.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். அந்தக் கடிதம் தோழியிடம் விடுதியில் இருக்கிறது. நீ எழுதியது ஒன்பதா, ஏழா?

சின்னு


ஜூலை 7

பாசமுள்ள தங்கச்சிக்கு,

உன் சுகத்துக்காக இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். அம்மா அழுகிறாள், ஆனால் சாப்பிடுகிறாள். பூனைக்குட்டிகளை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள்.

நான் எழுதியது ஒன்பதுதான். ஓடு என்று அனுப்பியது நான். நீ சரியாகத்தான் வாசித்தாய், உன்மேல் ஒரு தப்பும் இல்லை. திட்டவேண்டும் என்றால் என்னைத் திட்டு. மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, மாத்திரையை நேரத்துக்குப் போடு.

அன்புடன்
அண்ணன்


வார்டு 27
ஜூலை 20

அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதல் தடவையாக அடியில் வசனம் இல்லை.

ஜூலை 7 என்று தேதி போட்டிருக்கிறாய். அந்த ஏழுக்கு நடுவே ஒரு கோடு. உறையில் வார்டு 27, அதிலும் கோடு. உன் கையெழுத்தை நான் இருபது வருஷமாக வாசிக்கிறேன். வீட்டிலிருந்து எழுதும்போது உன் கை இப்படிக் கோடு போட்டதே இல்லை. எதற்கு இப்போது போடுகிறது? என்னிடம் பொய் சொல்ல உனக்கு எப்போதுமே வராது.

நீ என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாய். வேண்டாம். எனக்கு அது ஏழு என்று தெரியும், வாசித்த அன்றைக்கே தெரியும். உன் ஒன்பதின் தலை மூடியிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இதன் தலை திறந்திருந்தது. ஏழாம் அதிகாரத்தையும் எடுத்து வாசித்தேன். அவனவன் இருக்கிற நிலையிலேயே நிலைத்திருக்கட்டும் என்று இருந்தது. வேதத்தை மூடினேன். மறுபடி திறந்து ஒன்பதை எடுத்தேன். டேப்பில் ஒன்பது என்று எழுதினேன், தலையை நன்றாக மூடி எழுதினேன். உன்னைக் கேட்டதே, ஒருவேளை நான் உண்மையிலேயே தப்பாக வாசித்திருப்பேனோ என்று ஒரு நப்பாசையில்தான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். நீ ஒன்பது என்றால் என்னை ஓடச்சொல்லிக் காலை உடைத்தது கர்த்தர் என்று ஆகிறது. அதை மட்டும் சொல்லாதே. அவர் நில் என்று சொன்னார், நான்தான் கேட்கவில்லை. இரண்டு மாதமாக இதை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டிலில் கிடக்கிறேன். கால் போனாலும் அவர் என்னோடு பேசினார் என்பது மிச்சம். அதை என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

சின்னு


ஆகஸ்ட் 17

சின்னு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் போட்டுவிடுகிறேன்.

அது ஏழுதான். ஆனால் அவர் சொன்னது அல்ல. எடுத்துவிடாதே என்று நீ எழுதியபிறகும் இதை எழுதுகிறேன், இனிமேல் உன்னிடம் பொய் சொல்ல என்னால் முடியாது. நான் ஜெபம் பண்ணவில்லை. உன் ஏப்ரல் கடிதத்தை வாசித்ததும் பேனாவை எடுத்தேன். ஓடாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. நான்கு மாதம் நீ பேசாமல் இருந்தது ஞாபகம் வந்தது. வேலை முடிந்து வந்து, வசன அகராதியில் நில், நிலை, நிலைத்திரு என்று தேடினேன். நில் என்று முகத்துக்கு நேரே சொல்கிற வசனங்கள் எத்தனையோ கிடைத்தன, ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஏழாம் அதிகாரம் கல்யாணத்தையும் அடிமைத்தனத்தையும் பற்றிப் பேசுகிறது. ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் அதை எடுத்தேன். நீ நிற்க நினைத்தால் நிற்கலாம், ஓட நினைத்தால் எனக்கில்லை என்று தள்ளிவிடலாம். எப்படியானாலும் நான் தடுத்தேன் என்று ஆகாது.

இன்னும் இருக்கிறது. உன் மே மாதக் கடிதம் 24-ஆம் தேதியே வந்துவிட்டது. ஒன்பது என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்தேன். இரண்டு நாள் இருந்தது. உங்கள் ஆபீஸ் நம்பர் காலண்டரில் எழுதித்தான் இருந்தது. மூன்று தடவை போனை எடுத்தேன். இரண்டு தட்டுச் சாப்பிட்டேன் என்று எழுதியிருந்தாயே. அம்மா வேறு எதிரில் உட்கார்ந்து உனக்காகப் பாடிக்கொண்டிருந்தாள். நம்பரில் கடைசி எண்ணை அழுத்தாமல் வைத்துவிட்டேன். 26-ஆம் தேதி நாலரை மணிக்கு லாரியை நிறுத்தவில்லை. வரிசையாக எடை போட்டுக்கொண்டே இருந்தேன்.

லீவு கிடைக்கவில்லை என்பதும் பொய். கேட்கவே இல்லை.

அண்ணன்


வார்டு 27
செப்டம்பர் 1

அண்ணா,

வாசித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நான் ஏழு என்பதை ஒன்பதாக்கினவள், உன்னைச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது.

ஆனால் பார், அன்றைக்கு யாருமே பேசவில்லை. நீ பேசவில்லை. நான் பேசவில்லை. அவர் வாயில் நாம் இரண்டு பேரும் நமக்கு வேண்டியதை வைத்தோம், அவரும் பேசவில்லை. அவர் பேசினார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனே, அதுதான் காலைவிட வலிக்கிறது.

மணிக்கட்டில் டேப் இருந்த இடம் வெளுத்துப் போயிருக்கிறது. வேதம் அலமாரியில் இருக்கிறது. திறந்தால் இனி என் குரல்தான் கேட்கும் என்று பயமாக இருக்கிறது, திறக்கவில்லை. காலையில் இங்கே ஒரு பிசியோ வருகிறாள். வாக்கரைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "இன்னைக்கு நடப்போமா?" என்று தினமும் கேட்கிறாள். கேட்டதும் கை தானாக மணிக்கட்டுக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஆறு நாளாக இப்படி. எழுந்திருக்காவிட்டால் கால் இப்படியே மடங்கிப்போகும் என்று இன்று சொன்னாள்.

நீ சொல்லு அண்ணா. எழுந்து நடக்கவா, வேண்டாமா? அடியில் எண் போடாதே. ஒரே ஒரு வார்த்தை எழுது, அது உன் வார்த்தையாக இருக்கட்டும். தப்பாகப் போனாலும் உன்னோடு பேசுவேன்.

கடிதம் போய், நீ எழுதி, அது இங்கே வந்து சேர எப்படியும் பதினைந்து நாள் ஆகும். அதுவரை நான் கட்டிலில்தான் இருப்பேன்.

சின்னு